நான்கு குலைகள்

ஜெம்போல் மாவட்டத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில் தமிழ்மொழிக் கழகத்தின் கூட்டம் நடைபெறவிருந்தது. படிவம் நான்கிலும் ஐந்திலும் பயிலும் மாணவர்களுக்கு மேற்கல்வியைப் பற்றியும் வேலையுலகத்தைப் பற்றியும் ஓரளவு தெளிவு ஏற்பட வேண்டும் என்பதற்காக, கழகத்தின் பொறுப்பாசிரியை முன்னாள் மாணவி ஒருத்தியை அழைத்திருந்தார். அவள் தொழிற்கல்லூரி ஒன்றில் வேளாண் துறையில் பட்டயக்கல்வி பயில்பவள். பகாவ் வட்டாரத்தில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் 16 வாரத் தொழிற்பயிற்சியை அப்போதுதான் முடித்திருந்தாள். அந்த அனுபவத்தை அவள் பத்து நிமிடத்தில் தமிழில் படைக்க வேண்டும். அதன்பின் ஐந்து நிமிடம் கேள்வி நேரம்.

அழைப்புக் கிடைத்ததும் அவள் கவலைப்படவில்லை. கல்லூரியில் விரிவுரையாளர்கள் முன்னிலையில் மலாய்மொழியில் ஏற்கனவே ஒருமுறை படைத்துவிட்டாள். அப்போது தயாரித்த 24 படவில்லைகள் மடிக்கணினியில் அப்படியே இருந்தன. அவற்றைத் தமிழாக்கிவிட்டால் வேலை முடிந்தது என எண்ணினாள். கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, தமிழாக்கிய படவில்லைகளை ஆசிரியையிடம் காட்டினாள்.

முதல் படவில்லையில் நிறுவனத்தின் சின்னம். இரண்டாவதில் தோட்டத்தின் வரைபடம். மூன்றாவதில் மேலாளர் முதல் எழுத்தர் வரையிலான பணியாளர் வரிசை. அடுத்த ஐந்து படவில்லைகளில் வரலாறு: 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து இலண்டனுக்கு ரப்பர் விதைகளைக் கொண்டு சென்றது, 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது, 1896இல் தான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் தோட்டம் போட்டது, 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிரானது. அதன் பிறகு உர அட்டவணைகள், மழை அளவு, எண்ணெய் ஆலையின் படம், நன்றி.

ஆசிரியை குறுக்கிடாமல் இறுதிவரை பார்த்தார். பிறகு, “நீ சொன்ன வரலாறு எல்லாம் சரி. ஆனால் இதைத் தெரிந்துகொள்ள நாலு மாதம் தோட்டத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நூல்நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அங்கே நீ இருந்ததனால் மட்டுமே உனக்குத் தெரிந்தது எது?” என்று கேட்டார்.

மாணவியிடம் உடனே பதில் இல்லை.

“அடுத்த முறை வரும்போது கணினி வேண்டாம். உன் பயிற்சிக் குறிப்பேட்டைக் கொண்டு வா,” என்றார் ஆசிரியை.

தொழிற்பயிற்சிக்குச் செல்லும் மாணவர் அனைவரும் குறிப்பேடு எழுதுவர். அன்றன்று செய்த வேலையை அன்றன்றே எழுத வேண்டும். மேற்பார்வையாளர் அதைப் பார்த்துக் கையொப்பமிடுவார். பலர் இதைச் சுமையாகக் கருதி, வார இறுதியில் ஏழு நாள் குறிப்பையும் ஒரே மூச்சில் எழுதி நிரப்பிவிடுவர். அவ்வாறு எழுதப்பட்ட குறிப்பேடு பின்னாளில் எதற்கும் உதவாது. இம்மாணவியின் குறிப்பேடு அப்படிப்பட்டதன்று. பக்கங்களின் ஓரத்தில் சேற்றுக் கறை இருந்தது. நல்ல அடையாளம்தான்.

ஆசிரியை அவளிடம் ஒரு பென்சிலைக் கொடுத்தார். கண்ணால் பார்த்த செய்திக்கு ஒரு புள்ளி, கையால் செய்ததற்கு ஒரு கோடு, பிறரைக் கேட்டு அறிந்ததற்கு ஒரு வட்டம் என ஒவ்வொரு குறிப்புக்கும் அடையாளமிடச் சொன்னார். இருவரும் பள்ளி நூல்நிலையத்தின் மூலையில் அமர்ந்து பக்கங்களைப் புரட்டினர்.

முதல் மூன்று வாரமும் நாற்றங்கால். செம்பனை விதை முளைத்ததும் சிறிய பையில் ஏறத்தாழ மூன்று மாதம் வளர்கிறது. பிறகு பெரிய பைக்கு மாற்றப்படுகிறது. ஓராண்டு நிறையும் தறுவாயில் நிலத்துக்குப் போகிறது. முக்கோண அமைப்பில், ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். ஓர் எக்டருக்கு 136 முதல் 148 மரம் வரை. முப்பது மாதத்தில் முதல் அறுவடை தொடங்கும். அதிலிருந்து இருபது ஆண்டுக்கு மேல் காய்க்கும். நாற்றங்கால் பக்கங்களில் கோடுகள் நிறைய இருந்தன. பை நிரப்பியதும் களை பிடுங்கியதும் அவளே செய்தவை.

அடுத்து ஆந்தைக் கூண்டுகள். செம்பனைப் பழத்தை எலிகள் கடித்து வீணாக்குகின்றன. அவற்றைக் கட்டுப்படுத்தக் கூகை ஆந்தைகளுக்கெனத் தோட்டத்தில் மரக் கூண்டுகள் அமைக்கப்படுகின்றன. ஐந்து முதல் பத்து எக்டருக்கு ஒரு கூண்டு என்பது வழக்கமான கணக்கு. மாணவி ஏணியில் ஏறி ஒரு கூண்டுக்குள் பார்த்திருக்கிறாள். நான்கு குஞ்சுகள் சீறின. இதைப் படித்தபோது ஆசிரியை சிரித்துவிட்டார். “இதைச் சொன்னாலே பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்,” என்றார். ஆனாலும் அது பேச்சின் நடுப்பொருளாக முடியாது என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது. ஏணியில் ஏறி எட்டிப் பார்த்ததற்கு மேல் அதில் அவளுடைய பங்கு இல்லை.

ஒன்பதாம் வாரத்தில், ஒரு புதன்கிழமைக் குறிப்பின் கீழே நான்கு வரிகள் கறுப்பு மையால் அழுத்தி அடிக்கப்பட்டிருந்தன. எழுத்தே தெரியாதபடி அடித்திருந்தாள். அந்தத் தாளின் மறுபக்கத்திலும் மை ஊறியிருந்தது.

“இங்கே என்ன?” என்றார் ஆசிரியை.

“தப்பாக எழுதிவிட்டேன், டீச்சர்.”

ஆசிரியை மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பக்கத்தைத் திருப்பினார்.

அன்று மாலை மாணவி வீட்டில் அமர்ந்து தமிழ்ச் சொற்களோடு போராடினாள். தோட்டத்தில் 16 வாரமும் அவள் பேசியது மலாய்மொழி; அறிக்கை எழுதியதும் மலாய்மொழியில்தான். அதிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் அழைத்து வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டத்தைத் தமிழில் என்னவென்று சொல்வது? ‘காலைநேர வருகைப் பதிவு ஒன்றுகூடல்’ என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி அதைக் கேட்டுவிட்டு, “பெரட்டுன்னு சொல்லேன்மா. அதுக்கு இவ்வளவு நீளமா?” என்றார்.

பாட்டிக்கு அந்தத் தோட்டம் புதிதன்று. அவர் அங்கேதான் பால்மரம் வெட்டினார். ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டபின், அதே நிலத்தில் உதிரிப் பழம் பொறுக்கினார். நெகிரி செம்பிலானில் லிங்கி, சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் எனப் பல தோட்டங்களின் பெயர் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் நிலைத்திருக்கிறது. சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891இல் இரயில் பாதை திறக்கப்பட்டபோது அந்தப் பாதையை ஒட்டிய நிலங்களில் காப்பி பயிரானது. பின்னர் ரப்பர் வந்தது. 1960களுக்குப் பிறகு, ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை பரவியது. பயிர் மாறியதோடு வேலை செய்யும் ஆட்களும் மாறினர். இப்போது பெரட்டுக்கு நிற்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். தோட்டத்துச் சொற்களோ பாட்டியைப் போன்றோரிடம் தங்கிவிட்டன. நிரை, மங்கு, காண்டா வாளி, ஒட்டுப்பால், வெளிக்காட்டு வேலை என ஒவ்வொன்றாகப் பாட்டி சொல்லச் சொல்ல மாணவி எழுதிக்கொண்டாள். அகராதியில் தேடியிருந்தால் இவற்றில் பாதிகூடக் கிடைத்திருக்காது.

பேச்சு, மரம் வெட்டும் முறைக்குத் திரும்பியது. பாட்டி எழுந்து போய் அலமாரிக்குப் பின்னாலிருந்து தம் பழைய உளியை எடுத்து வந்தார். பொழுது விடியும் முன்பே நெற்றி விளக்கோடு போக வேண்டும். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். மரத்தின் இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாகச் சரித்து வெட்ட வேண்டும். பட்டைக்குள் பாற்குழாய்கள் சற்றே சாய்ந்து ஓடுவதால், அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். உளி ஆழமாக இறங்கினால் பட்டையைத் தாண்டி மரத்தையே தொட்டுவிடும். அந்த இடத்தில் பட்டை மறுபடி சீராக வளராது, முண்டும் முடிச்சுமாகிவிடும்.

“ஒருநாள் தூக்கக் கலக்கத்துல மூணு மரத்தைக் காயப்படுத்திட்டேன்,” என்றார் பாட்டி. “அதை எங்கே கொண்டுபோய் மறைக்கிறது? மரத்துலயே இருக்குது. மறுநாள் கங்காணி வந்தாரு. அவர் கேட்கிறதுக்கு முந்தி நானே கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினேன். திட்டினாரு. திட்டிட்டு, உளியை எப்படிச் சாய்ச்சுப் பிடிக்கணும்னு சொல்லிக் கொடுத்தாரு.”

மாணவி உளியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். முனை தேய்ந்து பளபளவென்றிருந்தது. அன்றிரவு அவள் குறிப்பேட்டை எடுத்து, மையால் அடித்த நான்கு வரிகளையும் நினைவிலிருந்து வேறொரு தாளில் மீண்டும் எழுதினாள்.

அந்தப் புதன்கிழமை நடந்தது இதுதான். தோட்டத்தில் அறுவடைத் தொழிலாளர் வெட்டிய குலைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து சாலையோர மேடையில் அடுக்குவர். ஒவ்வொரு குலையின் காம்பிலும் வெட்டியவர் தமது எண்ணை எழுதுவார். அன்று மாலை குலைகளைத் தரம்பார்த்துப் பதிவேட்டில் எழுதும் வேலை மாணவியிடம் முதன்முறையாக ஒப்படைக்கப்பட்டது. மழை பெய்து ஓய்ந்த நேரம், வெளிச்சம் மங்கியிருந்தது. 17ஆம் எண் தொழிலாளி 86 குலைகள் வெட்டியிருந்தார். லொம்போக் தீவைச் சேர்ந்தவர். மாணவி அவரை ‘அபாங்’ என்று அழைப்பாள். அந்த 86இல் நான்கு குலைகள் கறுத்துத் தெரிந்தன. காய் என்று முடிவுசெய்து, சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி போட்டாள். பதிவேட்டில் 82 என எழுதினாள். காயாக வெட்டிய குலைக்கு அந்தத் தோட்டத்தில் கூலி இல்லை.

அன்றிரவு சாலை சேறாகிவிட்டதால் லாரி வரவில்லை. மறுநாள் காலையில் மண்டோர் வந்தார். பெருக்கல் குறி இருந்த குலைகளைக் கொக்கியால் புரட்டிப் போட்டார். அடிப்பக்கத்தில் பழம் உதிர்ந்த குழிகள் புதிதாக, ஈரமாக இருந்தன. ஒரு குலையில் 12, இன்னொன்றில் 15, மூன்றாவதில் 11, நான்காவதில் 7.

மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் தர விதிமுறைப்படி, குலையில் பழம் உதிர்ந்த குழிகள் குறைந்தது பத்து இருந்து, பாதிக்கு மேற்பட்ட பழங்கள் குலையிலேயே ஒட்டியிருந்தால் அது பழுத்த குலை. பத்துக்குக் குறைவாக இருந்தால் அரைப்பழுப்பு. குழியே இல்லாமல் கறுத்திருந்தால்தான் காய். ஆக, அவள் காய் என்று ஒதுக்கிய நான்கில் மூன்று பழுத்தவை, ஒன்று அரைப்பழுப்பு. காய் ஒன்றுகூட இல்லை.

“நிறத்தை மட்டும் நம்பாதேம்மா,” என்றார் மண்டோர். “மழைத் தண்ணியில எல்லாக் குலையும் கறுப்பாத்தான் தெரியும். புரட்டிப் பார்த்துக் குழியை எண்ணு.” பதிவேட்டில் 82ஐ அடித்து 86 என எழுதி, பக்கத்தில் கையொப்பமிட்டார். மாதக் கூலிக் கணக்குப் போடுவதற்கு முன்பே எண் சரியாகிவிட்டது. மாணவி அதைக் குறிப்பேட்டில் எழுதினாள். எழுதிய பின், விரிவுரையாளர் இதைப் படிப்பாரே என்ற எண்ணம் வந்தது. மையால் அடித்துவிட்டாள். கல்லூரிப் படைப்பின்போது, “பயிற்சியில் எதிர்நோக்கிய சிக்கல் என்ன?” என்று கேட்டார்கள். வெயிலும் அட்டையும் என்று பதில் சொன்னாள். யாரும் மேலும் கேட்கவில்லை. நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

தாளைப் படித்து முடித்த ஆசிரியை, “இதைச் சொல்ல விருப்பமா?” என்று மட்டும் கேட்டார்.

“சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள், டீச்சர்?”

“அது எனக்குத் தெரியாது. ஆனால் அவர்களும் நாளைக்கு எங்கேயாவது பயிற்சிக்குப் போவார்கள்.”

மாணவி இரண்டு நாள் யோசித்தாள். பிறகு 24 படவில்லைகளையும் மூடிவிட்டு, வெற்றுத் தாளில் தொடங்கினாள்.

தொழிற்பயிற்சியைப் பற்றிய படைப்பில் பொதுவாக நேரும் பிழை, எல்லாவற்றையும் சொல்ல முயல்வதே. 16 வாரத்தைப் பத்து நிமிடத்தில் அடக்க முற்பட்டால், ஒரு வாரத்துக்கு நாற்பது விநாடிகூட வராது. கேட்பவர் மனத்தில் எதுவும் தங்காது. ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அதைப் புரிந்துகொள்ள என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அவற்றை மட்டும் சேர்த்தால், பேச்சு தானாகவே ஒழுங்குபடும். அவளும் அப்படித்தான் செய்தாள். நான்கு குலைகளை நடுவில் வைத்தாள். அதற்கு வேண்டிய விளக்கங்களைச் சுற்றிலும் அமைத்தாள்.

குலையைக் காயாக வெட்டினால் என்ன கெட்டுப்போகும் என்பதை முதலில் விளக்க வேண்டியிருந்தது. செம்பனைப் பழத்தின் சதையில் எண்ணெய் சேர்வது பழுக்கும் தறுவாயில், கடைசிச் சில வாரங்களில்தான். குலையை வெட்டிவிட்டால் அதற்குமேல் எண்ணெய் ஊறாது. அதற்காக மரத்திலேயே விட்டு வைக்கவும் முடியாது. அறுவடைத் தொழிலாளர் ஒரு மரத்துக்குத் திரும்பி வர பத்து முதல் பதினைந்து நாளாகும். அதற்குள் குலை மிகையாகப் பழுத்துப் பழம் கொட்டிவிடும். கொட்டிய பழம் நசுங்கினால் அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைத்து அமிலத்தைக் கூட்டும். எண்ணெயின் தரம் குறையும். வெட்டிய குலைகளை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்பி நீராவியில் வேகவைப்பதும் இதற்காகவே. வெப்பத்தில் நொதியின் செயல் நின்றுவிடும். நூறு கிலோ குலையிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோ எண்ணெய்தான் கிடைக்கிறது என்பதால், ஆலைக்கு ஒவ்வொரு குலையின் தரமும் முக்கியம்.

தொழிலாளியின் பக்கமும் உண்டு. முற்றிய மரத்தில் குலை பத்து மீட்டருக்கு மேல் உயரத்தில் மட்டைகளுக்குள் மறைந்திருக்கும். கீழே நிற்பவர் கண்ணுக்கு அது முழுமையாகத் தெரியாது. தரையில் விழுந்து கிடக்கும் உதிரிப் பழங்களைப் பார்த்து, மேலே எந்தக் குலை பழுத்தது எனக் கணித்து, நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் இழுக்கிறார். அவர் அண்ணாந்து பார்த்து எடுத்த முடிவு, மேடையருகே நின்றவளின் ஒரு பார்வையில் தவறாகிவிட்டது. இந்த வாக்கியத்தை மாணவி நான்கு முறை மாற்றி எழுதினாள். முதலில், ‘ஒரு சிறு பதிவுப் பிழை ஏற்பட்டது’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அதன் கீழே கோடிட்டு, “பிழை தானாக ஏற்பட்டதா?” என ஓரத்தில் எழுதினார். ‘நான் தவறாக எழுதினேன்’ என மாற்றிய பிறகே அந்த வரி நின்றது. தமிழில் செய்தவரைச் சுட்டாத வினை எவ்வளவு வசதியான மறைவிடம் என்பதை இலக்கண வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை.

படங்களிலும் ஒரு சிக்கல் இருந்தது. அவளிடமிருந்த மிகச் சிறந்த படத்தில் 17ஆம் எண் தொழிலாளி அரிவாளோடு அண்ணாந்து நின்றார். முகம் தெளிவாகத் தெரிந்தது. ஒருவருடைய படத்தை மேடையில் காட்ட அவருடைய ஒப்புதல் வேண்டும். அவளோ கேட்டிருக்கவில்லை. அந்தப் படத்தை விட்டுவிட்டு, காம்பில் எண் எழுதிய குலையின் படத்தைச் சேர்த்தாள். பதிவேட்டின் பக்கத்தையும் காட்ட முடியாது. அது தோட்டத்தின் ஆவணம். வெள்ளைப் படவில்லையில் 82, 86 என இரண்டு எண்களை மட்டும் பெரிதாக இட்டாள். மொத்தம் ஏழு படவில்லைகள் ஆயின. வரலாற்றுக்கு ஒன்றே ஒன்று. அதிலும் ஆண்டுகள் இல்லை. பாட்டியின் உளியும் அறுவடை அரிவாளும் அருகருகே இருந்தன.

முதல் ஒத்திகை பாட்டியின் முன் நடந்தது. 17 நிமிடம் ஓடியது. நொதி பற்றிய பகுதியில் பாட்டி கொட்டாவி விட்டார். அந்தப் பகுதி மூன்று வாக்கியமாகச் சுருங்கியது. ஆந்தைக் குஞ்சுகளை விட மனமில்லாமல் இரண்டாம் ஒத்திகை வரை வைத்திருந்தாள். பிறகு எடுத்துவிட்டு, யாராவது கேட்டால் சொல்லலாம் எனத் தனியே குறித்து வைத்தாள். மூன்றாம் ஒத்திகை பத்தரை நிமிடத்தில் முடிந்தது. பாட்டி, “அந்தப் பையன் எண்ணைச் சொல்றியே, அந்த இடத்துல கொஞ்சம் நிறுத்திப் பேசு,” என்றார்.

கூட்ட நாளில் அறிவியல் கூடத்தில் நாற்பது மாணவர்கள் அமர்ந்திருந்தனர். பின்வரிசையில் சிலர் தூங்கத் தயாராக இருந்தனர். மாணவி வணக்கம் கூறியவுடன் குலையின் படத்தைக் காட்டி, “இது பழமா, காயா?” என்று கேட்டாள். பலரும் காய் என்றனர். தோட்டத்திலிருந்து வரும் மாணவர் இருவர் மட்டும், “புரட்டிப் பார்க்கணும் அக்கா,” என்றனர். அதன்பின் பின்வரிசையிலும் யாரும் தூங்கவில்லை. 82, 86 என்ற எண்கள் திரையில் வந்தபோது அவள் குரல் சற்றுத் தடுமாறியது. ஆயினும் நிறுத்திப் பேசினாள்.

கேள்வி நேரத்தில் படிவம் ஐந்து மாணவன் ஒருவன் எழுந்தான். “அக்கா, குலை இராத்திரி முழுக்க மேடையிலே கிடந்தது. அந்தப் பழமெல்லாம் இராத்திரியிலே உதிர்ந்திருக்கலாமே? நீங்கள் பார்த்தபோது குழியே இல்லாமல் இருந்திருந்தால், உங்கள் கணக்குச் சரிதானே?”

நல்ல கேள்வி. வெட்டிய குலையிலிருந்து நேரம் ஆக ஆகப் பழம் உதிர்வது உண்மைதான். இதே கேள்வியை மாணவி அன்று மண்டோரிடம் கேட்டிருந்தாள். “இராத்திரியில் உதிர்ந்திருந்தால் பழம் அங்கேயேதான் கிடக்க வேண்டும், தம்பி. மண்டோர் குலையைத் தூக்கிக் கீழே காட்டினார். நான்கு குலைகளின் கீழும் சேர்த்தே மூன்று பழம்தான் இருந்தது. மற்றக் குழிகளெல்லாம் நேற்றைக்கே இருந்தவை,” என்று விளக்கினாள். மாணவன் தலையசைத்து அமர்ந்தான்.

முன்வரிசையிலிருந்து படிவம் நான்கு மாணவி ஒருத்தி கையுயர்த்தினாள். “அந்த அபாங்கிடம் சொன்னீர்களா, அக்கா?”

மாணவி உடனே விடை கூறவில்லை. ஒத்திகையில் பாட்டி பல கேள்விகள் கேட்டிருந்தார், இதைக் கேட்கவில்லை. “இல்லை,” என்றாள். “பதிவேட்டில் திருத்தினோம். அவருக்குக் கூலி முழுதாகக் கிடைத்தது. ஆனால் அன்று மாலை அவருடைய குலைகளில் நான்கின் மேல் பெருக்கல் குறி இருந்ததை அவர் பார்த்தார். யார் போட்டது, ஏன் போட்டது, பிறகு என்ன ஆயிற்று என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.”

ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நன்றியுரைக்கு அழைத்தார்.

அடுத்த வாரம் புதன்கிழமை பொது விடுமுறை. தோட்டத்தில் சிலர் கூடுதல் நேர வேலைக்கு வந்திருந்தனர். மாணவி மண்டோரிடம் அனுமதி பெற்று, சாலையோர மேடையருகே காத்திருந்தாள். நண்பகலில் 17ஆம் எண்காரர் தள்ளுவண்டியோடு வந்தார். அவள் மலாய்மொழியில் நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவர் கேட்டுவிட்டுக் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குறியைப் பார்த்த அன்று, தம் கண்தான் மங்கிவிட்டதோ என்று நினைத்ததாகவும், அதன்பின் சில நாள் குலைகளை வெட்டத் தயங்கியதாகவும் சொன்னார்.

பிறகு வண்டியிலிருந்த குலைகளை ஒவ்வொன்றாக மேடையில் இறக்கினார். காம்பில் எண்ணை எழுதினார். கறுத்துத் தெரிந்த ஒரு குலையை மட்டும் கொக்கியால் புரட்டி, குழிகள் அவள் பக்கம் தெரியுமாறு வைத்தார். மாணவி குனிந்து எண்ணத் தொடங்கினாள்.